பக் எப்படி உள்ளே போனது? ஆன்லைன் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பருக்குப் பிழை நீக்கும் வழிமுறை

ஆறுக்கு ஆறு ஆட்டத்தில் ஃபார்வர்ட் ஒரு பாஸைத் தவறவிட்டால் அடுத்த பத்து நொடியில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். கோல்கீப்பர் அரை அடி தள்ளி நின்றால் அது ஸ்கோர் பலகையில் ஏறிவிடும், ஆட்டம் முடியும்வரை இறங்காது. அதனால்தான் இந்த இடத்தில் ஆடுபவர்கள் இரண்டே வாரத்தில் வெறுத்துப்போகிறார்கள். விழும் கோல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் கோல் விழுந்த விதத்திலேயே தெரியும்.

இங்கே சொல்வது ஈஏ ஸ்போர்ட்ஸின் என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) வரிசை விளையாட்டுகளை, குறிப்பாக அதன் கிளப் ஆட்டமான ஈஏஎஸ்ஹெச்எல்லை மனதில் வைத்து. பொத்தான் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. ஆகவே பெரும்பாலும் செயலின் பெயரை மட்டும் சொல்கிறோம். எந்தப் பொத்தான் என்பதைக் கன்ட்ரோலர் அமைப்புப் பக்கத்தில் ஒருமுறை பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குழப்பம் வராமலிருக்க, வீரர் கையில் இருப்பதை மட்டை என்றும் அதனால் அடிக்கும் ரப்பர் வட்டைப் பக் என்றும் கட்டைவிரலால் தள்ளுவதை ஸ்டிக் என்றும் எழுதியிருக்கிறோம்.

எந்த அறிகுறிக்கும் முன்: கிளிப்பைப் பாருங்கள்

கோல் விழுந்ததும் கன்சோலின் பதிவுப் பொத்தானால் கடைசி அரை நிமிடத்தைச் சேமித்துவிடுங்கள். ஆட்டம் முடிந்தபின் நிதானமாகப் பாருங்கள். பக் உள்ளே நுழையும் நொடியைப் பார்த்துப் பயனில்லை. அடித்தவரின் மட்டையை விட்டு அது கிளம்பும் நொடியில் நிறுத்துங்கள். அந்தப் படத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கீப்பர் நின்றுவிட்டாரா, இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறாரா? பக்குக்கும் வலையின் நடுவுக்கும் இடையே உள்ள கோட்டில் இருக்கிறாரா? கோல் கோட்டிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறார்?

கிளம்பும் நொடியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், அதற்குப் பிறகு உங்களால் செய்ய முடிவது மிகக் குறைவு. வலைக்கு அருகிலுள்ள ஃபேஸ்-ஆஃப் புள்ளி (பக்கைப் போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்கும் இடம்) கோல் கோட்டிலிருந்து 20 அடி முன்னால், இரண்டு வலைகளின் நடுவையும் இணைக்கும் கோட்டிலிருந்து 22 அடி பக்கவாட்டில் இருக்கிறது. அங்கிருந்து வலையின் நடு சுமார் 30 அடி. மணிக்கு 137 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது 85 மைலில் அடித்தால் பக் வந்து சேர 0.24 நொடி. கண்ணில் பட்டதற்கு விரல் அசைய மனிதருக்குச் சாதாரணமாக 0.2 முதல் 0.25 நொடி ஆகும். பக் புறப்பட்ட பிறகு யோசித்தால் அது ஏற்கெனவே வலையில் இருக்கும். நிற்கும் இடம்தான் தடுக்கிறது, அனிச்சை வேகம் கடைசி அரை அடிக்குத்தான்.

அறிகுறி: சரியான நேரத்தில் அழுத்தினேன், கீப்பர் தாமதமாக இறங்கினார்

முதலில் தாமதம் எங்கே என்று பிரியுங்கள். இணையம் இல்லாத பயிற்சி ஆட்டத்துக்குப் போய் வலது ட்ரிக்கரை அழுத்தி பட்டர்ஃபிளை போடுங்கள், அதாவது கீப்பரை முழங்காலில் இறக்கிக் கால்களைப் பக்கவாட்டில் விரிக்க வையுங்கள். அங்கேயும் சோம்பலாக இறங்கினால் குற்றவாளி உங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறார். அங்கே சுறுசுறுப்பாக இருந்து ஆன்லைனில் மட்டும் தாமதித்தால் பிரச்சினை இணைப்பில்.

அறைக்குள் முதல் சந்தேகம் டிவிமேல். படத்தை மெருகேற்றும் வேலைகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் சில டிவிகளில் 100 மில்லி விநாடி வரை தாமதம் சேரும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் அது 6 ஃபிரேம். மேலே சொன்ன 0.24 நொடியில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது! கேம் மோடை இயக்குங்கள், அசைவை மென்மையாக்கும் வசதியை அணையுங்கள். டிவிக்கும் கன்சோலுக்கும் குறைந்த தாமதத்துக்குத் தானாக மாறும் வசதி இருந்தால் இரண்டிலும் இயக்க வேண்டும், ஒன்றில் மட்டும் இயக்கினால் வேலை செய்யாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கன்சோல் பதிவு செய்யும் கிளிப்பில் டிவி தாமதம் தெரியவே தெரியாது. கிளிப்பில் எல்லாம் தாமதமாக அழுத்தியதுபோல் இருந்து, உங்களுக்கோ சரியான நேரத்தில் அழுத்திய உறுதி இருந்தால், டிவியைத்தான் நோண்ட வேண்டும்.

அடுத்து கன்ட்ரோலர். ஸ்டிக்கைத் தொடாமல் கீப்பரை நிறுத்திப் பத்து நொடி பாருங்கள். மெதுவாக ஒரு பக்கம் ஊர்ந்தால் ஸ்டிக் தேய்ந்து தானாகச் சாய்கிறது என்று அர்த்தம். ஃபார்வர்டுக்கு இது தெரியவே தெரியாது, கோல்கீப்பருக்கு இது கோல். அமைப்பில் டெட் ஸோனை (ஸ்டிக்கின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத எல்லையை) கொஞ்சம் கூட்டினால் தற்காலிகமாக நிற்கும். அழுத்தக் காற்றால் சுத்தம் செய்தும் போகாவிட்டால் ஸ்டிக் பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

இணைப்பில் பிரச்சினை என்றால், வைஃபையை விட்டுவிட்டு கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளில் இணையுங்கள். பிங் எண் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) சிறியதாக இருப்பதைவிட அசையாமல் இருப்பதுதான் முக்கியம். நிலையான 70 மில்லி விநாடிக்கு விரல் பழகிவிடும். 30க்கும் 120க்கும் இடையே துள்ளும் இணைப்புக்கு யாராலும் பழக முடியாது. வீட்டில் யாராவது பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது மட்டும் துள்ளினால், ரவுட்டரில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் வசதியை இயக்கி, பதிவேற்ற வேகத்தை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாகக் கட்டுப்படுத்துங்கள்.

அறிகுறி: குறுக்கே ஒரு பாஸ், உடனே அடி, கோல்

எல்லோரும் புலம்பும் கோல் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். ஒரு ஃபேஸ்-ஆஃப் புள்ளியிலிருந்து எதிர்ப்புள்ளிக்கு 44 அடி. அங்கே காத்திருப்பவர் பக்கை நிறுத்தாமல் அப்படியே அடிக்கிறார். பாஸ் மணிக்கு 60 மைல் வேகத்தில் போனால் அரை நொடி. அந்த அரை நொடிக்குள் கீப்பர் எவ்வளவு நகர வேண்டும்?

கிரீஸ், அதாவது வலைக்கு முன்னால் நீல நிறத்தில் இருக்கும் கீப்பர் பகுதி. அதன் முன்வளைவு வலையின் நடுவிலிருந்து 6 அடி ஆரம் கொண்டது. வளைவின் விளிம்பில் ஒரு புள்ளிக்கு நேராக நிற்கும் கீப்பர் மறுபுள்ளிக்கு நேராக வர கிட்டத்தட்ட 9 அடி நகர வேண்டும். அதே கீப்பர் பாதி ஆழத்தில், 3 அடியில் நின்றிருந்தால் நான்கரை அடி போதும். பாதி தூரம்! முன்னால் வந்து நின்று கோணத்தை அடைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் குறுக்கே ஆள் சும்மா நிற்கும்போது அதே பழக்கம் உங்களைக் கவிழ்க்கிறது.

முன்னால் நிற்பதால் கிடைக்கும் லாபத்தையும் கணக்குப் போடலாம். வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். நேர் எதிரே 20 அடியில் இருப்பவருக்கு, கோல் கோட்டில் நிற்கும் கீப்பர் 6 அடி அகலத்தையும் மூட வேண்டும். 3 அடி முன்னால் வந்தால் 5.1 அடி, 6 அடி முன்னால் வந்தால் 4.2 அடி. கடைசி மூன்று அடிக்காக நீங்கள் பெறுவது 0.9 அடி. குறுக்குப் பாஸ் வந்தால் இழப்பது நான்கரை அடி.

செய்ய வேண்டியது இதுதான். பக் ஒரு பக்கம் இருக்கும்போது மறுபக்கம் காவலில்லாமல் யாராவது நிற்கிறாரா என்று கண்ணை ஒருமுறை ஓட்டுங்கள். நிற்கிறார் என்றால் உடனே பாதி ஆழத்துக்குப் பின்வாங்குங்கள். பாஸ் புறப்பட்டதும் நின்ற நிலையிலேயே தள்ளிக்கொண்டு போங்கள். ட்ரிக்கரைத் தொடவே தொடாதீர்கள். முதலில் பட்டர்ஃபிளை போட்டுவிட்டு அப்புறம் நகர்வதுதான் இங்கே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்யும் தவறு. முழங்காலில் இருக்கும் கீப்பர் மெதுவாகத்தான் போவார், வலையின் மேல்பாதியும் திறந்து கிடக்கும். போய்ச் சேர வேண்டிய இடம் தூரத்து போஸ்ட் அல்ல, அதற்கு ஓரடி உள்ளே. அங்கே சேர்வதற்குச் சற்று முன்பே இடது ஸ்டிக்கை விட்டுவிடுங்கள், மீதி தூரத்தைச் சறுக்கல் கொண்டுபோகும். கடைசிவரை தள்ளிப் பிடித்தால் கீப்பர் போஸ்டைத் தாண்டிப் போய்விடுவார், பக் அவர் முதுகுக்குப் பின்னால் உள்ளே போகும்.

பட்டர்ஃபிளையில் சறுக்குவது, கடக்க வேண்டிய தூரம் மூன்று அடிக்குள் இருக்கும்போதும், அடிப்பவர் வலைக்கு மிக அருகில் இருக்கும்போதும் மட்டும். பாய்ந்து விழுவதும் கால்களை அடுக்கிக் கிடப்பதும் எல்லாம் கைவிட்டுப்போன பிறகுதான். விழுந்தால் எழ நேரமாகும், பக் தெறித்துத் திரும்பி ரீபவுண்ட் வந்தால் வலை காலி.

அறிகுறி: பக்கத்துப் போஸ்டை ஒட்டியே நுழைகிறது

இது கேமரா ஏமாற்றுவதால் வருவது. கேமரா உங்கள் கீப்பருக்குப் பின்னால் இருக்கிறது, பக்குக்குப் பின்னால் அல்ல. திரையில் பார்க்க அடைத்து நிற்பதுபோல்தான் இருக்கும். அடிப்பவர் கண்ணுக்கு ஒரு கை அகலம் வெளிச்சம் தெரியும்.

சரிபார்க்கக் கிரீஸையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கக் கோடுகள் ஒவ்வொன்றும் போஸ்டிலிருந்து சரியாக ஓரடி வெளியே இருக்கின்றன. பக் கோல் கோட்டுக்கு அருகே, சுவரோரமாக வரும்போது கீப்பரின் வெளிக்கால் போஸ்டைத் தொட்டிருக்க வேண்டும். அந்த ஓரடி இடைவெளியில் கால் போய்விட்டால் அதிகம் போய்விட்டீர்கள், தூரத்துப் பக்கம் திறந்துவிட்டது. சின்னத் திருத்தங்களுக்கு ஸ்டிக்கை முழுதாகத் தள்ளாதீர்கள். துல்லிய நகர்வுக்கான பொத்தானைப் பிடித்துக்கொண்டு தட்டித் தட்டி நகருங்கள். பயிற்சி ஆட்டத்தில் இரண்டு போஸ்டுக்கும் இடையே அப்படியே ஐம்பது முறை போய் வந்தால் கட்டைவிரலுக்குத் தூரம் பிடிபட்டுவிடும்.

அறிகுறி: கால்களுக்கு நடுவே

நகர்ந்துகொண்டே பட்டர்ஃபிளை போட்டிருப்பீர்கள். பக்கவாட்டில் தள்ளும்போது ஒரு கால் விலகுகிறது. அந்த விலகலோடு இறங்கினால் முழங்கால்கள் சேரும்வரை இடைவெளி இருக்கும். பக்கின் விட்டமோ 3 அங்குலம்தான். அடிப்பவர் மட்டையைப் பின்னால் இழுப்பதைக் கண்டதும், சரியான இடத்துக்குப் போய்ச் சேராவிட்டாலும் நின்றுவிடுங்கள். நகரும் கீப்பர் சரியான இடத்தில் இருப்பதைவிட, நின்ற கீப்பர் அரை அடி தவறான இடத்தில் இருப்பது மேல்.

அறிகுறி: தனியாக வருபவர் ஒவ்வொரு முறையும் ஏமாற்றிவிடுகிறார்

பிரேக்அவேயில் தோற்பதற்கு இரண்டு காரணங்கள்தான்: கோல் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது, அல்லது அவர் தோளை ஆட்டியதுமே இறங்கிவிடுவது.

அவர் நீலக் கோட்டைத் தாண்டும்போது, அதாவது கோல் கோட்டிலிருந்து 64 அடியில், நீங்கள் கிரீஸின் விளிம்பிலோ அதற்கு ஓரடி வெளியிலோ இருக்க வேண்டும். ஃபேஸ்-ஆஃப் புள்ளிகளுக்கு நேராக அவர் வரும்போது பின்வாங்கத் தொடங்குங்கள். அவர் பத்தடியில் இருக்கையில் நீங்கள் 3 அடி ஆழத்துக்கு வந்திருக்க வேண்டும். அவர் வேகத்தைவிடக் குறைந்த வேகத்தில் பின்வாங்குவதுதான் சூட்சுமம். முன்கூட்டியே கோட்டுக்குப் போய்விட்டால் அவருக்கு ஆறடி வலையையும் கொடுத்ததாகும்.

தூரத்திலிருந்து அடித்தால் அடி கிளம்பியதும் இறங்குங்கள். டீக் போட்டால், அதாவது பாசாங்கு காட்டி ஏமாற்றப் பார்த்தால், நின்றபடியே தொடருங்கள். பக் உங்கள் உடலைக் குறுக்காகக் கடந்த பிறகுதான் ட்ரிக்கரோடு அந்தப் பக்கம் சறுக்க வேண்டும். அதற்குமுன் அவர் செய்வதெல்லாம் உங்கள் விரலை அவசரப்படுத்தத்தான். பக்கை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் இழுக்கும் டீக்குக்கு, முதல் காட்டலுக்கு அசையாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மட்டையை நீட்டித் தட்டும் போக் செக், பக் உங்கள் நேர் எதிரே, மட்டை எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும். அவர் பக்கை உடலுக்குப் பக்கவாட்டில் வைத்திருக்கும்போது நீட்டினால் எட்டாது. அந்த அசைவு முடியும்வரை கீப்பர் வேறு எதுவும் செய்ய மாட்டார்.

அறிகுறி: வலையைச் சுற்றிவந்து செருகுகிறார்கள்

பக் கோல் கோட்டுக்குப் பின்னால் போனதும் போஸ்டை அணைக்கும் பொத்தானைப் பிடியுங்கள். பக் வைத்திருப்பவர் வலையின் நடுவைத் தாண்டும்வரை அதே போஸ்டில் இருங்கள். தாண்டியதும் மறுபோஸ்டுக்கு மாறுங்கள். அவர் பாசாங்காகத் திரும்பியதுமே மாறினால் விட்டுவந்த போஸ்டில் கோல் விழும்.

அணைத்த நிலையிலேயே தங்கிவிடுவதும் பெரிய தவறு. பின்னாலிருந்து வலைக்கு முன்னால் பாஸ் வந்தால் அடுத்த நொடி அடி வரும். பாஸ் கிளம்பியதும் பொத்தானை விட்டு நடுவுக்கு வாருங்கள். காட்சி திரும்பும் கேமராவில் ஆடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கேமரா திரும்பும் நேரத்தில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தால், இடது என்று நினைத்தது வலதாகிவிடும். அந்தக் கணத்தில் கட்டைவிரலை எடுத்து மறுபடி வையுங்கள். அடிக்கடி நடந்தால் திரும்பாத கேமராவுக்கு மாறிவிடுங்கள்.

அறிகுறி: முதல் அடியைத் தடுத்தேன், இரண்டாவதில் விழுந்தது

தூரத்துக் காலின் கீழ்ப்பக்கமாகத் தாழ்வாக அடிக்கும் எதிராளி கோல் எதிர்பார்த்து அடிப்பதில்லை. பேடில் பட்டு வலைக்கு முன்னால் தெறிக்கும், அங்கே அவர் ஆள் நிற்கிறார். நேராக, மார்பு பக்கைப் பார்க்க நின்றிருந்தால் பல அடிகள் உடலிலேயே அடங்கிவிடும். பக்கவாட்டில் எட்டிப் பிடித்தவைதான் தெறிக்கின்றன.

தடுத்ததும் பக் ஆறடிக்குள் கிடந்தால் எழாதீர்கள். இறங்கிய நிலையிலேயே அதை நோக்கி ஒதுங்கி, மூடும் பொத்தானைப் பிடியுங்கள். விசில் வரும்வரை பிடிக்க வேண்டும், தட்டிவிட்டு விட்டால் பக் மறுபடி உயிர்பெறும். ஆறடிக்கு வெளியே போனால் எழுந்து மறுபடி நேராக நில்லுங்கள்.

2023இல் வந்த என்ஹெச்எல் 24, தொடர் ஷாட்டுகளால் கீப்பர் களைப்படையும் முறையைக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட பதிப்புகளில், எதிரணி உங்கள் பகுதியிலேயே முகாமிட்டிருக்கும்போது கைக்கு எட்டிய பக்கை ஆடிப்பார்க்க ஆசைப்படாமல் மூடி ஆட்டத்தை நிறுத்துவது இரட்டை லாபம்.

அறிகுறி: அடித்ததே தெரியவில்லை

நீலக் கோட்டிலிருந்து 90 மைல் வேகத்தில் அடித்தாலும் வந்துசேர அரை நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். தெரிந்திருந்தால் தடுக்கக்கூடிய அடி அது. மறைத்து நிற்பது பலமுறை எதிராளி அல்ல, உங்கள் டிஃபென்ஸ்மேன். அவர் அடியையும் தடுக்காமல் ஆளையும் தள்ளாமல் நடுவில் நிற்கிறார். மைக்கில் நீளமாகப் பேசினால் நேரம் கடந்துவிடும். “மறைக்கிற”, “உன் பின்னால ஆள்”, “இடது காலி” என்று இரண்டு மூன்று சொல் போதும். ஆட்டம் தொடங்குமுன்பே அவற்றின் பொருளை எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். உயரமான கேமராவுக்கு மாறினால் தலைகளுக்கு மேல் கொஞ்சம் தெரியும். பக்கைத் திசைமாற்ற வலைக்கு முன்னால் ஒருவர் மட்டையை வைத்து நின்றால், அவரை நோக்கி ஓரடி முன்னேறுங்கள். மட்டையில் பட்டு விலகுவதற்குள் உடலில் பட்டுவிடும்.

அறிகுறி: பக்கை எடுக்க வெளியே போனால் வினையாகிறது

இணைப்பு துள்ளும் நாளில் போகவே வேண்டாம். நல்ல நாளிலும், நெருங்கிவரும் எதிராளி ஃபேஸ்-ஆஃப் வட்டத்தின் மேல்விளிம்புக்கு வெளியே இருந்தால் மட்டும் போங்கள். வலைக்குப் பின்னால் பக்கை நிறுத்தி டிஃபென்ஸ்மேனுக்கு விட்டுவிட்டு உடனே திரும்புங்கள். நடுவழியாகப் பாஸ் போடாதீர்கள்.

என்ஹெச்எல் விதியில் கோல் கோட்டுக்குப் பின்னால் ஒரு சரிவகம் வரைந்திருக்கும். கோல் கோட்டில் 22 அடி, சுவரில் 28 அடி அகலம். 2005-06 பருவத்திலிருந்து, கோல் கோட்டுக்குப் பின்னால் அதற்கு வெளியே கோல்கீப்பர் பக்கைத் தொட்டால் ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதாக 2 நிமிட பெனால்டி. மூலைக்கு ஓடும் பழக்கம் உள்ளவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

அறிகுறி: நன்றாகத்தான் ஆடினேன், எண்கள் கேவலமாக இருக்கின்றன

4 ஷாட்டில் 2 கோல் என்றால் தடுப்பு விகிதம் 0.500. 30 ஷாட்டில் 3 கோல் என்றால் 0.900. முதல் ஆட்டத்தில் விழுந்த இரண்டும் காலி வலைக்கு முன்னால் வந்த குறுக்குப் பாஸாக இருக்கலாம். இரண்டாவதில் விழுந்த மூன்றும் தடுத்திருக்க வேண்டியவையாக இருக்கலாம். உங்கள் டிஃபென்ஸ் நன்றாக ஆடும் நாளில்தான் ஷாட் குறைந்து இந்த எண் மோசமாகத் தெரியும். ஆகவே ஒரு ஆட்டத்தின் விகிதத்தை விட்டுவிடுங்கள். பத்து ஆட்டங்களின் கிளிப்புகளை எடுத்து, ஒவ்வொரு கோலுக்கும் மேலே சொன்ன மூன்று கேள்விகளில் எது தவறியது என்று ஒரு கோடு போடுங்கள்: நிற்கவில்லை, கோட்டில் இல்லை, ஆழம் தவறு. எந்தக் கட்டத்தில் கோடுகள் குவிகின்றனவோ, அடுத்த வாரப் பயிற்சி அதற்கு. மூன்றும் சரியாக இருந்தும் விழுந்தவை சில இருக்கும்: சொந்த ஆளின் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பியவை, கடைசி நொடியில் திசைமாறியவை. அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.